புது டேப்புக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டேன், இப்போது சந்தேகமாக இருக்கிறது

கோத்தகிரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அடையாளம் தெரியும்படியான விவரங்களை மாற்றியிருக்கிறேன். விஷயம் இதுதான்.

குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. கணவர் கொழுந்து பறித்து ஃபேக்டரிக்குப் போடுகிறார். இவர் வீட்டில் தையல் வேலை செய்கிறார். மகள் பிளஸ் டூ காமர்ஸ் குரூப், அடுத்த வருஷம் கோவையில் பி.காம். சேர வேண்டும் என்று ஆசை. அடுத்த மாதம் விற்பனைக்கு வரப்போகிற ஒரு புது டேப்லெட்டின் விளம்பரத்தைப் பார்த்து மகள் கேட்டிருக்கிறாள். சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்த நேரம். குன்னூரில் ஒரு கடையில் 3,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டி முன்பதிவு செய்துவிட்டார். மொத்த விலை 34,999. மகளின் பாடம், கணவரின் இலைக் கணக்கு, தன்னுடைய பிளவுஸ் டிசைன் எல்லாம் இனி இந்த ஒரே பலகையில் நடந்துவிடும் என்று நினைத்திருக்கிறார். ‘இனி லேப்டாப் எதற்கு?’ என்றுதான் விளம்பரமும் கேட்கிறதாம்.

பணம் கட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் ரசீதைப் படித்திருக்கிறார். ‘அட்வான்ஸ் திருப்பித் தரப்படமாட்டாது’, ‘வழக்குகள் பெங்களூரு நீதிமன்றங்களுக்கு மட்டுமே உட்பட்டவை’ என்று அதில் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையனின் போன் ரிப்பேரானபோது, உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று சொல்லி வாரன்டியில் பார்க்க மறுத்துவிட்டார்களாம். நம் ஊர் மூட்டத்தில் டேப் என்ன ஆகும்? சர்வீஸ் சென்டர் கோவையில்தான் இருக்கிறது, யார் அலைவது? ஏழு நாளுக்குள் எந்தப் பொருளையும் திருப்பிக் கொடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறதாமே, இதற்கும் பொருந்துமா? துபாயில் இருக்கும் தம்பி அங்கே இதே டேப் விலை குறைவு என்கிறான், அவனிடமே சொல்லிவிடலாமா? இவ்வளவும் கேட்டுவிட்டு, “வீட்டுக்காரரிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கொஞ்சம் நிம்மதியாக இருங்கள். இதுவரை நீங்கள் கொடுத்தது 3,000 ரூபாய்தான். வழக்கறிஞரான என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் முழுப் பணத்தையும் கட்டி, பெட்டியைப் பிரித்து, பில்லையும் தொலைத்துவிட்டுத்தான் வருவார்கள். உங்களிடம் மீதி 31,999 ரூபாய் பத்திரமாக இருக்கிறது. கேட்க வேண்டியதை எல்லாம் அந்தப் பணம் உங்கள் கையில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். அது கைமாறிய பிறகு கடைக்காரரின் குரலே வேறு மாதிரி இருக்கும்.

அட்வான்ஸ் திரும்புமா?

ஏழு நாளில் எதையும் திருப்பித் தரலாம் என்று ஒரு சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆன்லைன் கடைகள் வாடிக்கையாளரைப் பிடிக்கத் தாங்களே வைத்துக்கொண்ட விதி அது. பொருளுக்குப் பொருள் மாறும், சில பொருளுக்கு இருக்கவே இருக்காது. மனசு மாறிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகக் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தாது. இதில் உங்கள் நம்பிக்கை தவறு.

அதற்காக, ரசீதில் அச்சடித்துவிட்டாலே எல்லாம் செல்லும் என்று கடைக்காரர் நினைத்தால் அவரும் தவறு. சொன்ன தேதியில் டேப் வராவிட்டால், சொன்னதற்கு மாறான பொருள் வந்தால், வந்தது பழுதாக இருந்தால், ‘திருப்பித் தரப்படமாட்டாது’ என்ற வரி அவரைக் காப்பாற்றாது. பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் என்று கணக்கு. நீங்களாகவே விலகினால்கூட, 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீட்டுக்கு மேல் அவர் பிடித்துக்கொள்ள முடியாது. நீங்கள் விட்ட டேப்பை மறுநாளே இன்னொருவர் வாங்கிப் போய்விட்டால், 3,000 ரூபாய் இழப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம்.

கேட்கலாம்தான். ஆனால் 3,000 ரூபாய்க்காக வழக்கு நடத்தச் சொல்லி ஒரு வழக்கறிஞர் உங்களிடம் சொன்னால் அவரிடமிருந்து தள்ளியிருங்கள். டேப் வேண்டாம் என்று முடிவு செய்தால், அந்த அட்வான்ஸை அதே கடையில் வேறு மாடலுக்கோ லேப்டாப்புக்கோ மாற்றித் தரச் சொல்லுங்கள். கடைக்காரருக்கு வியாபாரம் போகாது என்பதால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

‘வைஃபை மாடல், நெட் உள்ளேயே இருக்கு’

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது இந்த வரி. சிம் போடும் மாடலைவிட விலை குறைவு என்று வைஃபை மாடலைப் பதிவு செய்திருக்கிறீர்கள். இன்டர்நெட் அதற்குள்ளேயே வந்துவிடும் என்று நினைத்திருக்கிறீர்கள். வராது. வீட்டில் பிராட்பேண்ட் இணைப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாருடைய போனிலிருந்தாவது ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ள வேண்டும். மேல் ரோட்டு வளைவில் போய் நின்றால்தான் டவர் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சிம் மாடல் வாங்கினாலும் வீட்டுக்குள் பெரிய வித்தியாசம் இருக்காது. டேப் வாங்குவதற்கு முன்னால், உங்கள் ஊருக்கு எந்தக் கம்பெனியின் பிராட்பேண்ட் கேபிள் வருகிறது என்று விசாரியுங்கள். அது வராத வீட்டில் ஆன்லைன் வகுப்பு நடக்காது. தரவிறக்கி வைத்த பாடத்தைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

சட்டப்படி இதில் ஒரு முக்கியமான கேள்வி இருக்கிறது. ‘நெட் உள்ளேயே இருக்கு’ என்று கடைக்காரர் சொன்னாரா, நீங்களாகப் புரிந்துகொண்டீர்களா? யோசித்து உண்மையான பதிலைச் சொல்லுங்கள். அவர் சொல்லியிருந்தால் உங்கள் கை ஓங்கிவிட்டது. பழுது என்றால் என்ன என்று விளக்கும் 2019 நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 2(10), வியாபாரி ‘எந்த வகையில்’ உறுதி சொல்லியிருந்தாலும் பொருள் அந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. வாயால் சொன்னதும் அதில் சேரும். அதை நிரூபிப்பதுதான் கஷ்டம். அதனால் இன்றே கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: “நான் பதிவு செய்த மாடலில் சிம் இல்லாமல் இன்டர்நெட் வரும் என்று நீங்கள் சொன்னீர்கள். சரிதானா?” என்று கேளுங்கள். ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் பதில் உங்களுக்கு உதவும்.

லேப்டாப் வேலையை டேப் செய்யுமா?

நான் கம்ப்யூட்டர் நிபுணன் இல்லை. வழக்குக் கட்டுகளை டேப்பில்தான் படிக்கிறேன், கோடு போடுகிறேன், குறிப்பு எழுதுகிறேன். அதற்கு இதைவிட வசதி வேறில்லை. மனு தயார் செய்ய வேண்டுமென்றால் எழுந்து கம்ப்யூட்டருக்குத்தான் போகிறேன்.

உங்கள் மகளுக்கும் அப்படித்தான் இருக்கும். வீடியோ பாடம், புத்தகம், பழைய கேள்வித்தாள் இவற்றுக்கு டேப் அருமை. உங்கள் பிளவுஸ் டிசைனைப் பேனாவால் வரைந்து பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் பி.காம். போனால் கணக்கு எழுதும் டேலி வரும். டேலி பிரைம் விண்டோஸில் ஓடும் மென்பொருள், ஆண்ட்ராய்டு டேப்பில் நேராகப் போட முடியாது. எக்செல் டேப்பிலும் உண்டு, ஆனால் கம்ப்யூட்டரில் இருக்கும் அத்தனை வசதியும் அதில் இருக்காது. கணவரின் இலைக் கணக்குக்கு இப்போது இருக்கிற போனே போதும்.

விளம்பரத்தை மறுபடி ஒரு முறை பாருங்கள். அந்தப் பெண் தட்டச்சு செய்கிற கீபோர்டும் கையில் இருக்கிற பேனாவும் 34,999-இல் சேருமா, தனி விலையா? பெரும்பாலான கம்பெனிகளில் தனி விலைதான். ‘16 ஜிபி ரேம்’ என்று போட்டு அருகில் பொடி எழுத்தில் ‘8+8’ என்று இருக்கிறதா? அப்படியானால் நிஜமான ரேம் (டேப் வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம்) 8 தான், மீதி 8 சேமிப்பு இடத்திலிருந்து கடன் வாங்கியது. தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பெரிய எழுத்தில் சொன்னதைப் பொடி எழுத்து மாற்றக் கூடாது என்கின்றன. விளம்பரம் எந்த மொழியிலோ அந்த மொழியில்தான் நிபந்தனையும் இருக்க வேண்டும். தமிழில் ஆசை காட்டிவிட்டு ஆங்கிலத்தில் தப்பிக்கக் கூடாது. அந்த விளம்பரத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை தொடங்கியதும் வாசகங்கள் மாறிவிடும்.

இன்னொன்று. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாகத் தமிழக அரசு 2025–26 பட்ஜெட்டில் அறிவித்தது. உங்கள் மகள் சேரப்போகும் கல்லூரிக்கு, அவள் படிக்கும் வருஷத்தில் அது கிடைக்குமா என்று சேர்க்கையின்போது கேளுங்கள். அதை நம்பி இப்போதே முடிவு எடுக்க வேண்டாம்.

முதல் நாளே வாங்க வேண்டுமா?

புது டேப் என்றால் எதிர்பார்ப்பும் சந்தேகமும் சேர்ந்தேதான் வரும். இரண்டுமே பல முறை பொய்த்திருக்கின்றன. 2010 ஜனவரியில் ஐபேடை அறிமுகம் செய்தபோது, பெரிய சைஸ் போன், கேமரா கூட இல்லை என்று கேலி செய்தவர்கள் ஏராளம். அது எப்படி விற்றது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த முதல் ஐபேடுக்கு 2012-இல் வந்த ஐஓஎஸ் 6 என்ற சாஃப்ட்வேர் அப்டேட் கிடைக்கவில்லை. கேலி செய்தவர்கள் தோற்றார்கள், ஆசைப்பட்டு வாங்கியவர்களும் இரண்டரை வருஷத்தில் பழைய மாடல்காரர்கள் ஆனார்கள். 2011 ஜூலை 1-ஆம் தேதி எச்.பி. கம்பெனி டச்பேட் என்று ஒன்றை விற்பனைக்கு விட்டு, ஆகஸ்ட் 18-ஆம் தேதியே கைவிடுவதாக அறிவித்தது. அதே வருஷம் அக்டோபர் 5-இல் டில்லியில் ‘ஆகாஷ்’ வெளியானது. மாணவர்களுக்கு மலிவு விலையில் டேப் என்று நாடே பேசியது. கையில் வாங்கியவர்களுக்கு, அழுத்தினால்தான் வேலை செய்யும் திரையும் 256 எம்பி ரேமும்தான் கிடைத்தன.

நான் சொல்ல வருவது, ‘பிறகு அப்டேட்டில் வரும்’ என்று சொல்லும் எதற்கும் இன்று காசு கொடுக்காதீர்கள். இன்று பெட்டிக்குள் இருப்பதற்கு மட்டும் விலை பேசுங்கள். எத்தனை வருஷம் சாஃப்ட்வேர் அப்டேட் தருவார்கள் என்று கம்பெனி எழுத்தில் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 வருஷம் அப்டேட் தர வேண்டும், உதிரி பாகமும் கிடைக்க வேண்டும் என்று டேப்புகளுக்கும் சேர்த்தே விதி இருக்கிறது. இங்கே அப்படிக் கட்டாயம் இல்லை. கம்பெனி எழுதித் தந்ததுதான் நமக்குப் பிடி. மகள் கல்லூரியில் சேர இன்னும் மாதங்கள் இருக்கின்றன. வெளியாகி இரண்டு மூன்று மாதம் போகட்டும், வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துவிடும். விலையும் கொஞ்சம் இறங்கலாம்.

மூட்டமும் வாரன்டியும்

இந்தச் சந்தேகம் முழுக்க நியாயமானது. மலையில் இருப்பவர்கள் எல்லோரும் கேட்க வேண்டியது. கம்பெனிகள் ஈரப்பதத்துக்கு ஒரு வரம்பு கொடுப்பார்கள். 95 சதவீதம் வரை தாங்கும், ஆனால் நீர் கோத்துக்கொள்ளாத நிலையில் மட்டும் என்று இருக்கும். நமக்கு அந்த ‘மட்டும்’தான் பிரச்சினை. ஜில்லென்று இருக்கும் டேப்பை அடுப்பு எரிகிற சமையலறைக்குள் கொண்டுவந்தால் மூக்குக் கண்ணாடி போலவே அதுவும் வேர்க்கும். உள்ளே ஈரம் பட்டால் நிறம் மாறும் சிறு ஒட்டுத் தாள் பல கருவிகளில் இருக்கிறது. அது சிவந்திருந்தால் சர்வீஸ் சென்டரில் ‘திரவ சேதம்’ என்று எழுதிவிடுவார்கள். தண்ணீர், தூசு தாங்கும் என்பதற்கான ஐபி68 தரக் குறியீடு போட்டிருந்தாலும் திரவ சேதத்துக்கு வாரன்டி கிடையாது என்று பல கம்பெனிகள் தனியாக எழுதி வைத்திருக்கின்றன.

அதனால் மழைக்காலத்தில் ஜன்னலோரம் வைக்காதீர்கள். வெளியிலிருந்து கொண்டுவந்தால் பையோடு கொஞ்ச நேரம் விட்டு, பிறகு வெளியே எடுங்கள். ஈரமாக இருக்கும்போது சார்ஜ் போட வேண்டாம். பழுதாகி சர்வீஸுக்குக் கொடுக்கிறீர்கள் என்றால், கொடுப்பதற்கு முன் நாலா பக்கமும் போட்டோ எடுங்கள். வாரன்டி இல்லை என்று சொன்னால் வாய்மொழியாக ஏற்றுக்கொண்டு திரும்பி வராதீர்கள். என்ன காரணம், எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று ஜாப் ஷீட்டில், அதாவது சர்வீஸ் சென்டர் தரும் வேலைத் தாளில், எழுதி வாங்குங்கள். அந்தத் தாள் இல்லாமல் வருகிறவருக்கு என்னால் பெரிதாக எதுவும் செய்ய முடிவதில்லை. பக்கத்து வீட்டுப் பையனிடமும் கேட்டுப் பாருங்கள், அவனிடம் அது இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

கோவைக்கு அலைவது பற்றி: உங்கள் பின்கோடுக்கு வீட்டுக்கே வந்து எடுத்துப்போகும் சேவை உண்டா என்று கம்பெனியின் கஸ்டமர் கேரில் இப்போதே கேளுங்கள். மலைக்கு இல்லை என்பார்கள் சிலர். குன்னூர்க் கடையே வாங்கிக் கோவைக்கு அனுப்புமா என்றும் கேளுங்கள். ‘அனுப்புவோம்’ என்றால் பில்லிலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

பெங்களூருக்குப் போக வேண்டியதில்லை

ரசீதில் இருக்கும் அந்த வரியைப் பார்த்து நிறையப் பேர் பயந்து பின்வாங்கிவிடுகிறார்கள். 2019 சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார் செய்பவர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட உரிமை தருகிறது. உங்களுக்கு அது உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். அச்சடித்த ஒரு வரியால் இந்த உரிமை பொதுவாகப் போய்விடாது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைக்காமல் நீங்களே பேசலாம். ஆன்லைனில் பதிவு செய்யலாம், கேட்டுக்கொண்டால் வீடியோ மூலம் ஆஜராகவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். கடையையும் கம்பெனியையும் இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார்.

பரிசோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்தில், தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அதைவிட நீளும். ஆகையால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள், தமிழிலேயே பேசலாம். அதில் தீராவிட்டால் நோட்டீஸ், அதற்கும் பிறகுதான் ஆணையம்.

கணவரும் தம்பியும்

கணவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். இதில் சட்டம் ஒன்றும் இல்லை. மீதிப் பணம் கட்டுவதா வேண்டாமா என்பதை ஒருவராக முடிவு செய்ய வேண்டியதில்லை என்பதால் சொல்கிறேன். என்னைக் கேட்டால், உங்கள் வீட்டுக்கு இந்த விலையில் ஒரு சாதாரண லேப்டாப் அதிகம் உதவும். பிராட்பேண்ட் வந்த பிறகு, மகளுக்குப் படிக்க விலை குறைந்த டேப் ஒன்றை யோசிக்கலாம். ஆனால் வீட்டில் யார் எதை எவ்வளவு நேரம் பயன்படுத்துவார்கள் என்பது எனக்கு உங்கள் கடிதத்தின் வழியாகத்தான் தெரியும். மகளிடம் டேலி விஷயத்தைச் சொல்லிப் பாருங்கள், அவளே மாற்றிக் கேட்கலாம்.

துபாய் விலையில் மிச்சமாகும் பணம் வாரன்டியில் போய்விடும். சில கம்பெனிகள் வாங்கிய நாட்டில் மட்டும்தான் வாரன்டி தருகின்றன. பழுதானால் தம்பிதான் அங்கே தூக்கிக்கொண்டு போக வேண்டும், இங்கே நாம் வழக்குப் போட ஒரு கடையும் இருக்காது. இந்தியாவில் முறையாக விற்கும் பெட்டியில் அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, புகார் தொடர்பு எண், பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் எல்லாம் இருக்கும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டுச் சரிபார்க்கலாம். நீங்கள் எங்கே வாங்கினாலும் பெட்டியைப் பிரிக்கும் முன் இதைப் பாருங்கள். தம்பியை இந்த முறை பேரீச்சம்பழம் மட்டும் வாங்கி வரச் சொல்லுங்கள்.